தபால் துறை நஷ்டம்னு சொல்றாங்களே, அது யார் கணக்குல எழுத வேண்டியது?

எங்க அத்தை ஒரு கிராமத்துல ரொம்ப வருஷம் பிராஞ்ச் போஸ்ட் மாஸ்டரா இருந்தாங்க. ஆபீஸ்னா தனிக் கட்டடம்லாம் கிடையாது, அத்தை வீட்டு முன் ரூம்தான் ஆபீஸ், ஒரு மர மேஜை, சின்னத் தராசு, தேதி மாத்துற முத்திரை, கறுப்பு மை ஸ்டாம்ப் பேட், ஸ்டாம்ப்பும் கார்டும் வைக்கிற ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். காலைல பஸ்ல தபால் பை வரும், அரக்கு முத்திரையை உடைச்சு பையைக் கொட்டினா நாலு இன்லேண்ட், ஒரு ரிஜிஸ்டர், ரெண்டு மணியார்டர், ஏதோ ஒரு பையனுக்கு வேலைக்கான ஹால் டிக்கெட், இப்படித்தான் இருக்கும். மாசக் கடைசி ஆனா அத்தை வாய்ல ஒரு வார்த்தை கண்டிப்பா வரும், "இந்த மாசம் முப்பத்திமூணு தேறுமா தெரியலையேடா"ன்னு. சின்ன வயசுல அது ஏதோ பரீட்சை மார்க்குன்னுதான் நெனச்சேன்.

ரொம்ப நாள் கழிச்சுதான் அது என்னன்னு புரிஞ்சுது. தபால் துறைல ஒரு விதி இருக்கு, சாதாரண கிராமத்துல ஒரு பிராஞ்ச் ஆபீஸ் திறக்கணும்னா, அதுக்கு ஆகுற செலவுல குறைஞ்சது 33 சதவீதமாவது, அதாவது மூணுல ஒரு பங்காவது வருமானமா வரணும். மலைப்பகுதி, பழங்குடி மக்கள் இருக்கிற இடம், பாலைவனம், போக்குவரத்தே இல்லாத இடம்னா 15 சதவீதம் வந்தா போதும். சாதாரண ஊர்னா சுத்துப்பட்டு கிராமங்களையும் சேர்த்து 3,000 பேர் இருக்கணும், பக்கத்து போஸ்ட் ஆபீஸ் 3 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கணும்னு வேற கணக்கெல்லாம் இருக்கு. டவுன்ல திறக்கிற ஆபீஸுக்குத்தான் ஆரம்பத்துலயே தன் காலுல நிக்கணும், அப்புறம் ஒரு அஞ்சு சதவீதம் லாபமும் காட்டணும்னு விதி.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. நூறு ரூபா செலவு பண்ணி முப்பத்திமூணு ரூபா வந்தா அந்த ஆபீஸ் பாஸ். மலைல பதினஞ்சு ரூபா வந்தாலே பாஸ். மிச்ச 67 ரூபாயும் 85 ரூபாயும் தெரிஞ்சே, எழுதி வச்சே, அரசாங்கம் விடுற காசு. ஒரு கிராமத்துல லெட்டர் போட, பணம் அனுப்ப, சேமிக்க ஒரு இடம் இருக்கணும், அதுக்காக இவ்வளவு தாங்கிக்கலாம்னு முடிவு பண்ணித்தான் கதவையே திறக்கிறாங்க. அப்படித் திறந்த ஆபீஸ்களோட கணக்கையெல்லாம் வருஷக் கடைசில மொத்தமாக் கூட்டி, ஐயையோ தபால் துறை நஷ்டம்னு தலைப்புச் செய்தி போட்டா அதுல ஏதோ பெரிய விஷயம் விட்டுப் போகுதுன்னு தோணல? இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வர்றது அந்த விட்டுப்போன விஷயத்தைப் பத்திதான்.

மொதல்ல சைஸைப் பார்ப்போம். சுதந்திரம் வாங்கினப்போ நாட்டுல 23,344 போஸ்ட் ஆபீஸ் இருந்தது, இப்போ சுமார் 1.65 லட்சம், உலகத்துலயே இவ்வளவு பெரிய தபால் நெட்வொர்க் வேற எங்கயும் இல்ல. பத்துல ஒன்பது கிராமப்புறத்துல இருக்கு. 2019 ஏப்ரல்ல ஒரு செய்தி பெருசா ஓடுச்சு, 2018-19ல தபால் துறைக்கு சுமார் 15,000 கோடி நஷ்டம், பி.எஸ்.என்.எல்.லையும் ஏர் இந்தியாவையும் தாண்டி அரசு நிறுவனங்கள்லயே அதிக நஷ்டம் இதுக்குத்தான்னு. படிச்சவங்க எல்லாரும் அன்னைக்கு போஸ்ட்மேனைத்தான் திட்டினாங்க, வேலையே செய்றதில்ல சம்பளம் மட்டும் வாங்குறாங்கன்னு.

ஆனா அந்த 15,000 கோடிக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு. அந்த வருஷம் சம்பளமும் படியும் மட்டும் சுமார் 16,600 கோடி, அதுக்கு மேல பென்ஷன் சுமார் 9,800 கோடி. அதாவது நஷ்டம்னு சொல்ற தொகைல மூணுல ரெண்டு பங்குக்கு ஈடானது, எப்பவோ வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்களுக்குப் போற பென்ஷன். தபால் துறை ஒரு கம்பெனி கிடையாது, மத்திய அரசோட ஒரு டிபார்ட்மெண்ட், ரயில்வே மாதிரி. இன்கம் டாக்ஸ் ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவரோட பென்ஷனை அந்த டிபார்ட்மெண்டோட நஷ்டம்னு யாரும் எழுதறதில்ல. தபால் துறை ஸ்டாம்ப் விக்குது, கமிஷன் வாங்குது, அதனால மட்டும் அதுக்கு வரவு செலவு போட்டு, பழைய பென்ஷனையும் அதே தட்டுல வச்சு எடை போடறாங்க. பென்ஷன் செலவு இல்லன்னு நான் சொல்லல, அது உண்மையான செலவுதான், ஆனா இன்னைக்கு ஒரு பிராஞ்ச் ஆபீஸை மூடினா அந்தப் பென்ஷன்ல ஒரு பைசா குறையாது. நஷ்டத்தைக் குறைக்க ஆபீஸை மூடுன்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

அமெரிக்காவுல இதே கூத்து வேற விதமா நடந்தது. 2006ல ஒரு சட்டம் போட்டு, அவங்க தபால் சர்வீஸ் எதிர்காலத்துல ரிட்டயர் ஆகப்போறவங்களோட மருத்துவச் செலவுக்கு இப்பவே வருஷத்துக்கு சுமார் 550 கோடி டாலர் எடுத்து வைக்கணும்னு கட்டாயப்படுத்தினாங்க. கிட்டத்தட்ட வேற எந்த அரசு அமைப்புக்கும் அந்த மாதிரி சுமை கிடையாது. பத்து வருஷத்துக்கு மேல தபால் சர்வீஸ் காட்டின நஷ்டத்துல பெரும்பங்கு அந்த ஒத்தை விதியால வந்தது, கடைசில 2022ல அந்த விதியை அவங்களே எடுத்துட்டாங்க. கணக்கை எப்படி எழுதறோம்ங்கிறதே பாதி அரசியல்.

சரி, பென்ஷனை ஒதுக்கிட்டாலும் வரவுக்கும் செலவுக்கும் நடுவுல பள்ளம் இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்ல. போஸ்ட் கார்டை எடுத்துக்குங்க. 1879ல காலணாவுக்கு ஆரம்பிச்சது, எங்க தாத்தா காலத்து ஆளுங்க காலணா கார்டுன்னே சொல்லுவாங்க. இப்போ அதோட விலை 50 காசு. தபால் துறையோட சொந்தக் கணக்குப்படியே 2016-17ல ஒரு கார்டைக் கொண்டு போய்ச் சேர்க்க ஆன செலவு 12 ரூபாய்க்கு மேல, அதாவது செலவுல நாலு சதவீதம்தான் திரும்பக் கிடைக்குது. இன்லேண்ட் லெட்டர் ரெண்டரை ரூபா, கவர் அஞ்சு ரூபா, அதுங்களும் இதே கதைதான். ரிஜிஸ்டர் பண்ணின பத்திரிகைக்கு 50 கிராம் வரைக்கும் 25 காசு, நம்ம சிற்றிதழ் எத்தனையோ இந்த 25 காசுலதான் உயிரோட வாசகர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. 50 காசு நாணயத்தைக் கடைல நீட்டினா வாங்கவே மாட்டாங்க, ஆனா அந்த 50 காசுக்கு கன்னியாகுமரில போட்ட கார்டு ஹிமாச்சல்ல 14,500 அடி உயரத்துல இருக்கிற ஹிக்கிம் கிராமத்துக்குப் போகும்.

ஒரு கார்டுக்கு ஏன் 12 ரூபா ஆகுது? கார்டு கனமா இருக்கிறதால ஒண்ணும் இல்ல. போஸ்ட்மேன் ஒரு பீட்டுக்கு, அதாவது அவர் தினம் சுத்துற வட்டாரத்துக்கு, பத்து தபால் எடுத்துட்டுப் போனாலும் நூறு எடுத்துட்டுப் போனாலும் அவர் நடக்குற தூரம் ஒண்ணுதான், மெயில் வேன் காலியா ஓடினாலும் நிறைஞ்சு ஓடினாலும் டீசல் கிட்டத்தட்ட அதேதான். தொண்ணூறுகளோட கடைசில நாட்டுல ஓடின தபால்ல இப்போ பாதிகூட இல்ல, மொதல்ல போன் வந்தது, அப்புறம் மொபைல், அப்புறம் வாட்ஸ்அப், பேங்க் ஸ்டேட்மெண்ட்கூட மெயில்லயே வந்துடுது. பீட் அதேதான், தபால் பாதி, அப்போ ஒவ்வொரு தபால் மேலயும் ஏறுற செலவு ரெண்டு மடங்கு. விலையை ஏத்தினா இருக்கிற தபாலும் போயிடும், ஏத்தாம விட்டா பள்ளம் பெருசாகும். உலகத்துல எல்லா தபால் துறையும் மாட்டிக்கிட்டு நிக்கிற இடம் இதுதான்.

முன்னாடி இந்தப் பள்ளம் ஏன் கண்ணுக்குத் தெரியலன்னா, நகரத்துல வந்த லாபம் கிராமத்தோட நஷ்டத்தை மூடிட்டு இருந்தது. 1854ல கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்துல தூரம் எவ்வளவு இருந்தாலும் ஒரே கட்டணம், அரை அணான்னு கொண்டு வந்தாங்களே, அதோட உள்ளர்த்தமே இதுதான், மெட்ராஸ்ல பக்கத்துத் தெருவுக்குப் போற லெட்டரும் அதே காசு கொடுக்கும், பெஷாவருக்குப் போற லெட்டரும் அதே காசு கொடுக்கும், பக்கத்துத் தெரு லெட்டர்ல மிஞ்சுற காசு தூரத்து லெட்டரைத் தூக்கிட்டுப் போகும். இந்த ஏற்பாடு நிக்கணும்னா வேற யாரும் லெட்டர் கொண்டு போகக் கூடாது, இல்லன்னா லாபம் வர்ற பக்கத்துத் தெருவை மட்டும் ஒருத்தன் எடுத்துட்டுப் போயிடுவான். அதுக்குத்தான் 1898 தபால் சட்டத்தோட 4வது பிரிவு, லெட்டர் கொண்டு போற உரிமை அரசுக்கு மட்டும்தான்னு சொல்லுச்சு.

எண்பதுகள்ல கூரியர் வந்தாங்க. லெட்டருன்னு சொல்லாம டாக்குமெண்ட், பார்சல்னு சொல்லி வேலையை ஆரம்பிச்சாங்க, சட்டம் புத்தகத்துல அப்படியே இருந்தது, யாரும் கேக்கல. தபால் துறையும் 1986ல ஸ்பீட் போஸ்ட்டைக் கொண்டு வந்தாங்க, ஆனா நகரத்துக்கு நகரம் போற, நல்லா காசு கொடுக்கிற பிசினஸ் தபால் பெரும்பாலும் கூரியர் பக்கம் போயிடுச்சு. பால்ல மேல மிதக்குற ஆடையை ஒருத்தர் எடுத்துட்டு, அடில இருக்கிற தண்ணிப் பாலை மட்டும் வச்சு நீ கடை நடத்துன்னு சொன்ன மாதிரி. இதுல இன்னொண்ணு, தனியார் கூரியர்ல போய் ஒரு உள் கிராமத்து பின்கோடு சொல்லிப் பாருங்க, எங்களுக்கு அங்க டெலிவரி இல்லம்பாங்க, இல்லன்னா வாங்கிட்டு அவங்களே ஸ்பீட் போஸ்ட்ல போட்டு அனுப்புவாங்க. பெரிய ஆன்லைன் கடைங்களும் தூரத்து பின்கோடுகளுக்கு தபால் துறையைத்தான் பிடிக்கிறாங்க. லாபம் இருக்கிற ரூட்டை அவங்க ஓட்டுவாங்க, நஷ்ட ரூட்டு வந்தா போஸ்ட்மேன் வேணும்.

இரண்டாயிரத்து சொச்சத்துல ஒரு யோசனை வந்தது, கூரியர் கம்பெனிங்க தங்களோட வருமானத்துல ஒரு பங்கை ஒரு நிதிக்குக் கொடுக்கணும், அதை வச்சு கிராமத் தபாலை நடத்தலாம்னு. கூரியர்காரங்க கடுமையா எதிர்த்தாங்க, யோசனை அப்படியே படுத்துருச்சு. இது ஒண்ணும் வானத்துல இருந்து குதிச்ச ஐடியா இல்ல, டெலிபோன்ல இதையேதான் பண்றோம். 2002ல இருந்து டெலிகாம் கம்பெனிங்க அவங்க வருவாய்ல 5 சதவீதம் ஒரு நிதிக்குக் கட்டறாங்க, டவர் போட்டா கட்டுப்படியாகாத கிராமங்களுக்கு அந்தக் காசுல இருந்து கொடுக்கிறாங்க, இப்போ அதுக்கு டிஜிட்டல் பாரத் நிதின்னு பேரு. போனுக்கு நியாயமா இருந்த ஏற்பாடு தபாலுக்கு மட்டும் ஏன் அநியாயமாப் போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. இப்போ 2023ல போட்ட புது தபால் சட்டம் 2024 ஜூன்ல அமலுக்கு வந்திருக்கு, அதுல லெட்டர் கொண்டு போற தனியுரிமையே இல்ல, ஸ்டாம்ப் வெளியிடுற உரிமை மட்டும்தான் அரசுக்கு. நடைமுறைல எப்பவோ போன உரிமைதான், சரி, போகட்டும். ஆனா அந்த உரிமைக்குப் பதிலாச் சுமந்த கடமை இருக்கே, மூணுல ஒரு பங்கு வருமானத்துல கிராமத்துல ஆபீஸ் நடத்துற கடமை, அது அப்படியே இருக்கு. அதுக்கு இனிமே யார் காசு கொடுப்பாங்கன்னு சட்டம் தீர்த்துச் சொல்லல.

இப்போதைக்கு அந்தக் காசு எங்கிருந்து வருது? தபால் துறையோட வருமானத்துல பாதிக்கு மேல தபால்ல இருந்து வர்றதே இல்ல, சேமிப்புக் கணக்குல இருந்து வருது. ஆர்.டி., செல்வமகள், சீனியர் சிட்டிசன், கிசான் விகாஸ் பத்திரம் எல்லாம் இருக்கே, அந்தப் பணம் போஸ்ட் ஆபீஸோடது கிடையாது, நிதியமைச்சகத்தோட சிறுசேமிப்பு நிதிக்குப் போயிடும், அரசாங்கம் அதுல கடன் வாங்கிக்கும். போஸ்ட் ஆபீஸ் அதுக்கு ஏஜெண்ட் மாதிரி, ஒரு கணக்குக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு நிதியமைச்சகம் கூலி கொடுக்கும். அந்தக் கூலி எவ்வளவுன்னு முடிவு பண்றதும் அரசாங்கம், வாங்கிக்கிறதும் அரசாங்கம். கூலியைக் கொஞ்சம் ஏத்தினா தபால் துறை நஷ்டம் குறையும், இறக்கினா கூடும், நாட்டு மக்களோட பாக்கெட்டுக்கு அதுல ஒரு வித்தியாசமும் கிடையாது, வலது பையில இருந்து இடது பைக்குப் போற காசு. கூலி வேலைக்குப் போற ஒரு அம்மா மாசம் நூறு ரூபா ஆர்.டி. கட்டுறாங்கன்னா, அந்த நூறு ரூபாய நம்பி அரசாங்கம் கடன் வாங்குற அளவுக்கு வசதி, அதை வசூல் பண்ற ஆபீஸ் மட்டும் சுமை. இப்படி ஒரு கணக்கை எந்த மளிகைக் கடைக்காரரும் எழுத மாட்டார்.

இந்த இழுபறியோட எடை கடைசில யார் தோள்ல இறங்குதுன்னா, ஜி.டி.எஸ்.னு சொல்ற கிராமத் தபால் ஊழியர்கள் தோள்ல. சுமார் ரெண்டரை லட்சம் பேர் இருக்காங்க, கிராமத்துல நாம பார்க்கிற பி.பி.எம்.ங்கிற பிராஞ்ச் போஸ்ட் மாஸ்டர், தபால் கொண்டு வர்றவர் எல்லாம் பெரும்பாலும் இவங்கதான். இவங்க முழு நேர அரசு ஊழியர் கிடையாது, நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம்னு வேலை கணக்கு, ஆபீஸுக்கு இடமும் பி.பி.எம்.மே பார்த்துக்கணும், அத்தை வீட்டு முன் ரூம் ஆபீஸானது அப்படித்தான். 2018 மே 22ல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு மேல நாடு முழுக்க ஸ்டிரைக் பண்ணின பிறகுதான், இவங்க ஊதியத்தைப் பார்க்க அரசு போட்ட கமலேஷ் சந்திரா கமிட்டி 2016லயே கொடுத்த அறிக்கைப்படி ஊதியத்தைத் திருத்தினாங்க. திருத்தினதுக்கு அப்புறம் நாலு மணி நேர வேலைக்கு பி.பி.எம்.முக்கு ஆரம்பம் 12,000, மத்தவங்களுக்கு 10,000, கூட பஞ்சப்படி. மத்த தபால் ஊழியருக்கு இருந்த பென்ஷன் இவங்களுக்குக் கிடையாது. கிராமத் தபால் இவ்வளவு செலவுலயாவது ஓடுதுன்னா அதுக்குக் காரணம் இவங்க குறைச்சலா வாங்குறதுதான், அந்தப் பொதுச் சேவையோட செலவுல ஒரு பங்கை அவங்க தங்களோட சம்பளத்துல இருந்து கட்டிட்டு இருக்காங்கன்னுதான் நான் பார்க்கிறேன். அதோட டார்கெட் வேற. இத்தனை சேமிப்புக் கணக்கு, இத்தனை கிராமத் தபால் இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கணும்னு மேளாவுக்கு மேளா நெருக்குறாங்கன்னு தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்கா சொல்லிட்டு வருது. கடமையைச் செய்னு அனுப்பி வச்ச ஆள்கிட்ட லாபத்தையும் கொண்டு வான்னு கேட்டா, அவர் எந்த வேலையைத்தான் உருப்படியாச் செய்வார்?

அடுத்த சுமை பயன்படுத்துறவங்க மேல. இதுல சமீபத்துல நடந்த ரெண்டு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். புத்தகத்துக்குன்னு குறைஞ்ச கட்டணத்துல ஒரு ரிஜிஸ்டர் சேவை இருந்தது, சின்ன பதிப்பகங்கள், லைப்ரரிக்கு புத்தகம் அனுப்புறவங்க எல்லாம் அதை நம்பித்தான் இருந்தாங்க. 2024 டிசம்பர்ல புது விதிமுறை வந்தப்போ அந்தச் சேவை லிஸ்ட்லயே இல்ல. கவுண்ட்டர்ல போய் நின்னவங்களுக்குத்தான் விஷயமே தெரிஞ்சுது. சத்தம் போட்ட பிறகு 2025 மே 1ல ஞான் போஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 300 கிராமுக்கு 20 ரூபா, 5 கிலோவுக்கு 100 ரூபா, கூட வரி. நல்ல விஷயம்தான், மறுக்கல. ஆனா நடுவுல அந்த நாலஞ்சு மாசம் ஒரு கவிதைப் புத்தகத்தை அனுப்ப புத்தக விலைல பாதியை பார்சல் கட்டணமாக் கொடுத்தவங்க எத்தனை பேர்.

ரெண்டாவது, ரிஜிஸ்டர் தபால். 2025ல அதை ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. பழைய ரிஜிஸ்டர் லெட்டருக்கு வரி இல்லாம 22 ரூபா ஆச்சு. 2025 அக்டோபர் 1ல இருந்து வந்த புது கட்டணத்துல 50 கிராம் ஸ்பீட் போஸ்ட் வெளியூருக்கு 47, அதுல ரிஜிஸ்ட்ரேஷன் வேணும்னா இன்னொரு 5, மொத்தம் 52, வரி தனி. உள்ளூருக்குள்ளன்னா 19ம் 5ம் 24தான், அது பரவாயில்ல. ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தை 2012க்கு அப்புறம் இப்பதான் ஏத்தியிருக்காங்க, அதனால ஏத்தினதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரிஜிஸ்டர் தபால் போடறவங்க யாருன்னு பாருங்க, சீக்கிரம் போகணும்னு போடறவங்க இல்ல, போய்ச் சேர்ந்ததுக்கு ஒரு அத்தாட்சி வேணும்னு போடறவங்க, பட்டா விஷயமா தாசில்தாருக்கு மனு அனுப்புறவர், வக்கீல் நோட்டீஸ் அனுப்புறவர், சம்பளப் பாக்கி கேட்டு முதலாளிக்கு எழுதறவர். அவங்களுக்கு வேகம் தேவையே இல்ல, அந்த அக்நாலட்ஜ்மெண்ட் கார்டுதான் தேவை. இது எதைக் கடமைன்னு வைக்கிறோம், எதை வியாபாரம்னு வைக்கிறோம்னு பிரிச்சுப் பார்க்காம ரெண்டையும் ஒரே சட்டில போட்டதால வர்ற விளைவு. ஸ்பீட் போஸ்ட் வியாபாரம், அதுல கூரியரோட போட்டி போட்டு நல்லா சம்பாதிக்கட்டும். ரிஜிஸ்டர் தபால் ஒரு குடிமகனோட உரிமை மாதிரி, அது மலிவா இருந்தாகணும்.

தபால் துறை சம்பாதிக்கிற வழி தேடுறதையும் நான் குறை சொல்லல. 2018 செப்டம்பர் 1ல ஆரம்பிச்ச போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் நல்ல உதாரணம், போஸ்ட்மேன் கைல ஒரு போனும் விரல்ரேகை மிஷினும் இருந்தா போதும், நம்ம கணக்கு எந்த பேங்க்ல இருந்தாலும் ஆதார் வச்சு வீட்டு வாசல்லயே பணம் எடுத்துக் கொடுத்துடறாங்க, 2020 லாக்டவுன்ல பேங்க் வரைக்கும் போக முடியாத எத்தனையோ பெரியவங்களுக்கு காசு வந்தது இப்படித்தான். பென்ஷன்காரங்க வருஷா வருஷம் கொடுக்கிற லைஃப் சர்டிஃபிகேட்டை 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து எடுக்கிறாங்க. பாஸ்போர்ட் மையம், ஆதார் திருத்தம் எல்லாம் போஸ்ட் ஆபீஸ்லயே நடக்குது. அந்த பேங்க் 2022-23ல முதல் முறையா 20 கோடி லாபம் காட்டுச்சு. சந்தோஷம்தான், ஆனா அந்த லாபம் எப்படி வந்ததுன்னு புரிஞ்சுக்கணும். கிராமம் கிராமமா ஆள் அனுப்புற ஏற்பாட்டை அந்த பேங்க் சொந்தமா முதல் போட்டுக் கட்ட வேண்டியிருந்தா ஒரு ரூபா லாபம் பார்த்திருக்க முடியாது, தபால் துறை ஏற்கனவே தன் நஷ்டக் கணக்குல கட்டி வச்ச பாதைல அது நடந்து போகுது. 33 சதவீதம் தேறாத அத்தை ஆபீஸ் மாதிரி ஆபீஸ்கள்தான் இந்தப் புது வியாபாரத்தோட அஸ்திவாரம், அதை மூடினா இதுவும் நிக்காது.

வெளிநாட்டுல என்ன பண்றாங்கன்னு பார்த்தா மூணு ரூட் தெரியுது. பிரிட்டன் 2013ல ராயல் மெயிலைத் தனியார்கிட்ட வித்தாங்க, எல்லா வீட்டுக்கும் ஒரே விலைல தபால் கொண்டு போகணும்ங்கிற கடமையையும் அவங்க தலைலயே கட்டினாங்க. அப்போ 60 பென்ஸா இருந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் ஸ்டாம்ப் 2025ல 1.70 பவுண்ட் ஆயிடுச்சு, 2025 ஜூலைல இருந்து செகண்ட் கிளாஸ் தபாலை வாரநாள்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தா போதும்னு கடமையையும் தளர்த்திட்டாங்க. டென்மார்க் இன்னும் ஒரு படி மேல போய், அந்தக் கடமையையே சட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க, நானூறு வருஷமா லெட்டர் கொண்டு போன அவங்க அரசுத் தபால் 2025 டிசம்பர் 30ஓட லெட்டர் டெலிவரியையே நிறுத்திடுச்சு. அங்க அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவுல பெரும்பாலும் கடுதாசி கிடையாது, கிட்டத்தட்ட எல்லாம் ஆன்லைன், அந்த நாட்டுக்கு அது ஒத்து வரலாம். நம்ம ஊர்ல ஓ.டி.பி. வந்தா பேரனைக் கூப்பிடுற பாட்டிங்க இருக்கிற வரைக்கும் அதைப் பத்திப் பேசறதே வீண். மூணாவது ரூட் இத்தாலி. அங்க தபால் கம்பெனி பங்குச் சந்தைல இருக்கு, இன்சூரன்ஸ், பேங்க்னு நல்ல லாபம் பார்க்குது, ஆனா எல்லா ஊருக்கும் தபால் கொண்டு போற கடமைக்காக அரசாங்கம் அதுக்கு வருஷத்துக்கு சுமார் 26 கோடி யூரோ தனியா கொடுக்குது. இன்ன வேலை, இன்ன காசுன்னு எழுத்துல இருக்கு. அந்தத் தொகை போதும் போதாதுன்னு அங்கயும் சண்டை உண்டு, ஆனா சண்டை ஒரு பில்லை நடுவுல வச்சு நடக்குது.

நமக்கும் இதுதான் வேணும்னு நான் நினைக்கிறேன். தபால் துறை வருஷா வருஷம் ரெண்டு கணக்கு எழுதட்டும். ஒண்ணு வியாபாரக் கணக்கு, ஸ்பீட் போஸ்ட், பார்சல், பிசினஸ் தபால், பேங்க் வேலை, அதுல லாபம் வரலன்னா தாராளமா கேள்வி கேளுங்க, மேனேஜரை மாத்துங்க, கட்டணத்தை ஏத்துங்க. இன்னொண்ணு சேவைக் கணக்கு, கிராமத்து ஆபீஸ், கார்டு, இன்லேண்ட், பார்வையில்லாதவங்களுக்குப் போற பிரெய்ல் தபால், பத்திரிகைத் தபால், மணியார்டர். இதுக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு வரவு, மிச்சத்தை நாடாளுமன்றம் மானியம்னு பேர் வச்சு ஓட்டுப் போட்டுக் கொடுக்கட்டும். உரத்துக்கும் கேஸுக்கும் அப்படித்தானே கொடுக்கிறோம், உரக் கம்பெனிக்குக் கொடுக்கிற மானியத்தை யாரும் உரக் கம்பெனியோட நஷ்டம்னு சொல்றதில்லையே. பழைய பென்ஷனை மூணாவதா தனியா வைங்க. அப்படி வச்சா சேவைக் கணக்குலயும் வீண் செலவு எங்க இருக்குன்னு வெளிச்சமாத் தெரியும், இருக்கத்தான் செய்யுது, டவுன்ல கூப்பிடு தூரத்துல ரெண்டு ஆபீஸ் இருக்கிற இடமெல்லாம் உண்டு, அதைச் சேர்த்தா நான் எதிர்க்க மாட்டேன். இப்போ எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கி வச்சிருக்கிறதால நல்லா ஓடுறதும் தெரியல, கெட்டு ஓடுறதும் தெரியல.

திருநெல்வேலில களக்காடு முண்டந்துறை காட்டுக்குள்ள இஞ்சிக்குழின்னு ஒரு இடம், காணி பழங்குடி மக்கள் இருக்காங்க. 2021ல அங்க இருந்து ஒரு செய்தி வந்தது. நூறு வயசைத் தாண்டின ஒரு பாட்டிக்கு அப்போ அரசு கொடுத்த முதியோர் பென்ஷன் 1,000 ரூபாயை, பாபநாசம் மேலணை பிராஞ்ச் ஆபீஸ் போஸ்ட் மாஸ்டர் மாசா மாசம் நேர்ல கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்தார். காரையாறு அணையைப் படகுல தாண்டணும், அப்புறம் காட்டுக்குள்ள பத்து கிலோமீட்டர் நடை, போய்ட்டு வர ஒரு நாள் பூராவும் ஆயிடும், அதனால ஞாயித்துக்கிழமைல போவார். மணியார்டர் கமிஷன் நூத்துக்கு அஞ்சு, ஆயிரம் ரூபாய்க்கு அம்பது ரூபா. அந்த அம்பது ரூபாயை வரவுல எழுதி, படகு, நடை, ஒரு மனுஷனோட முழு நாள் எல்லாத்தையும் செலவுல எழுதினா அந்த ஆபீஸ் 15 சதவீதமாவது தாண்டுமான்னு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பாட்டிக்குப் பணம் கொடுக்கணும்னு முடிவு பண்ணினது அரசாங்கம், பணம் அரசாங்கத்தோடது, அதைக் கொண்டு சேர்த்த செலவு மட்டும் தபால் துறையோட நஷ்டம்.

2029க்குள்ள தபால் துறையை லாபம் பார்க்கிற துறையா மாத்துவோம்னு தகவல் தொடர்பு மந்திரி சொல்லியிருக்கார், 2025 பட்ஜெட்லயும் இதை ஒரு பெரிய லாஜிஸ்டிக்ஸ் அமைப்பா ஆக்கப் போறோம்னு சொன்னாங்க. பார்சல்ல வளர்ந்து அந்த லாபம் வந்தா நல்லதுதான். நான் கவனிச்சுட்டு இருக்கிறது வேற ஒண்ணை, அந்த முப்பத்திமூணும் பதினஞ்சும் என்ன ஆகப்போகுதுன்னு. அதை ஐம்பது, அறுபதுன்னு ஏத்தி ஒரு சுற்றறிக்கை வந்தா எந்தப் பேப்பர்லயும் பெருசா வராது, யாரும் ஊர்வலம் போக மாட்டாங்க, ஆனா எந்த ஊர் ஆபீஸ் இருக்கும் எந்த ஊர் ஆபீஸ் போகும்னு அன்னைக்கே முடிவாயிடும். உங்க ஊர்ல பி.பி.எம். யாராவது தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்க ஆபீஸ் இப்போ எத்தனை சதவீதத்துல இருக்குன்னு அவங்களுக்கு மனப்பாடமாத் தெரியும்.